முக்தாம்பாள் சத்திரத்துச் சோறு

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்குப் போகும் பேருந்து ஊரைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறத் தொடங்கும். வண்டல் பின்தங்கிவிடும், செம்மண் தலைகாட்டும். வழியெங்கும் இன்று வயலும் தென்னையுமாக இருப்பதைப் பார்த்து இதுவும் பழைய காவிரிச் சீமைதான் என்று நினைத்துவிடக் கூடாது. கல்லணைக் கால்வாய் கொண்டுவந்த பசுமை அது. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்ந்து 1934இல் நிறைவேறிய கால்வாய். இந்தப் பக்கத்துக்காரர்கள் இன்னும் அதைப் புது ஆறு என்றுதான் சொல்கிறார்கள். அது வருவதற்கு முன்னால், தஞ்சைக்குத் தெற்கே இந்த மேட்டு நிலத்தில் பெரும்பாலும் ஏரியையும் குளத்தையும் வானத்தையும் நம்பித்தான் பிழைப்பு.

இந்த மேட்டு நிலத்தைக் கடந்துதான் காசியிலிருந்து ராமேசுவரம் போகிறவர்கள் நடந்தார்கள். கும்பகோணம், தஞ்சாவூர் வரை ஆறும் கோயிலும் அக்ரகாரமுமாகப் பாதை துணையிருக்கும். அதற்கப்பால் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பிறகு கடலோரம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், மண்டபம். தஞ்சையிலிருந்து ராமேசுவரம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, காலில் செருப்பு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இப்படி வருகிறவர்களுக்காகத் தஞ்சை மராட்டிய அரசர்களும் அரசிகளும் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டிவைத்தார்கள். அவற்றில் பெயர்பெற்றது ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802இல் கட்டிய முக்தாம்பாள் சத்திரம்.

பேருந்து நிலையத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்கிறார்கள். கடைத்தெருவின் இரைச்சலிலிருந்து விலகி அந்த நீண்ட சுவரை முதலில் பார்க்கும்போது, ஒரு வழிப்போக்கர் விடுதிக்கு இவ்வளவு பெரிய கட்டடமா என்ற வியப்பு வரும். பக்கத்தில் போய் நின்றால் வியப்பு வேறு விதமாகிறது. கட்டடத்தின் அடித்தளத்தையே தேராகச் செதுக்கியிருக்கிறார்கள். சக்கரங்கள் இருக்கின்றன. யானைகளும் குதிரைகளும் முன்னே இழுத்துக்கொண்டு போகிற பாவனையில் நிற்கின்றன. ஒரு குதிரையின் அருகே குனிந்து பார்த்தேன். முகம் மழையில் மழுங்கியிருக்கிறது. ஆனால் முன்னங்கால் இன்னும் ஓடத்தான் செய்கிறது. தேர் வடிவ மண்டபங்களைத் தாராசுரத்தில் பார்த்திருப்போம், கோயிலில் அது இறைவன் ஏறும் தேர். இங்கே அதே கற்பனையைக் கொண்டுவந்து, காலில் கொப்புளத்தோடு வந்து சேரும் வழிப்போக்கனை ஏற்றி உட்காரவைத்திருக்கிறார்கள். இந்தச் சத்திரத்தைப் பற்றி வேறொன்றுமே தெரியாவிட்டாலும், கட்டியவர் மனத்தில் யார் இருந்தார்கள் என்பதை இந்த அடித்தளம் ஒன்றே சொல்லிவிடும்.

உள்ளே செங்கல்லும் சுண்ணாம்பும் மரமும். அகலமான முற்றங்கள், அவற்றைச் சுற்றித் தாழ்வாரங்கள். மாடியில் மரத்தூண்கள், அவற்றின் தலையில் போதிகைகள், போதிகை முனைகளில் தச்சர்கள் பொறுமையாக இழைத்த வேலைப்பாடு. வெயில் முற்றத்தில் நின்றுவிடுகிறது, தாழ்வாரத்துக்குள் வருவதில்லை. பகலெல்லாம் நடந்து வந்தவன் முதலில் தேடுவது நிழலைத்தானே. தண்ணீர், சோறு, பாய் எல்லாம் அதற்கப்புறம்.

முக்தாம்பாள் யார் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை கிடைக்கும். எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கிற செய்தி இதுதான்: சரபோஜியின் அன்புக்குரிய துணைவி, ஆனால் பட்டத்தரசி அல்லர். சாகும் தறுவாயில் மன்னரிடம் நகையோ கோயிலோ கேட்கவில்லை, தன் பெயரில் ஓர் அன்னசத்திரம் வைக்கும்படி கேட்டார். ஊருக்கே முக்தாம்பாள்புரம் என்று ஒரு பெயர் இருந்தது. தஞ்சை மராட்டியர் சத்திரங்களில் பெரும்பாலானவை பெண்கள் பெயரில் இருப்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நீடாமங்கலத்தில் இருப்பது பிரதாபசிங்கரின் அரசி யமுனாம்பாள் பெயரில். பெயரோடு நின்றுவிடவும் இல்லை. சத்திரங்களுக்கு என்று ஒதுக்கிய கிராமங்களின் வருமானத்தை மேற்பார்த்ததும் பல இடங்களில் அரண்மனைப் பெண்கள்தான். போர்க்களத்தைப் பற்றி எழுதிய அளவில் நூறில் ஒரு பங்குகூட இந்த நிர்வாகத்தைப் பற்றி நம்மவர்கள் எழுதவில்லை என்பது என் நெடுநாள் குறை.

சத்திரங்கள் எப்படி நடந்தன என்பதை அறிய நமக்குக் கிடைத்திருக்கும் மிக நல்ல சாட்சியம் சரபோஜியே எழுதிய கடிதம். அதன் பின்னணியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1798இல் அரியணை ஏறிய சரபோஜி, அடுத்த ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டு ஆட்சியைக் கொடுத்துவிட்டார். ஆண்டுக்கு ஒரு லட்சம் பகோடாவும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு. படையும் இல்லை, வரி வசூலும் இல்லை, கோட்டையை விட்டால் அதிகாரமும் இல்லை. இந்த நிலையில் 1801இல் தஞ்சை ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதினார். சத்திரங்களில் கைவைக்காதீர்கள், அவற்றை என் பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள் என்பது கோரிக்கை. நாட்டையே கொடுத்துவிட்ட ஒருவர், சோறு போடும் உரிமையை மட்டும் கேட்டு மன்றாடுகிறார். தஞ்சைச் சீமைக்கு உலகமெங்கும் இருக்கிற நற்பெயர் இந்தத் தர்மத்தால் வந்தது என்றும், அந்தப் பெயரைத்தான் தன் தகுதிக்கு உரிய மிகப் பெரிய கௌரவமாகக் கருதுவதாகவும் அதில் சொல்கிறார்.

காரணம் சொல்வதற்காக, சத்திரத்தில் என்னவெல்லாம் நடக்கிறது என்று வரிசையாக எழுதியிருக்கிறார். பிராமணர் முதல் பறையர் ஈறாக வருகிற வழிப்போக்கர் அனைவருக்கும் சோறு. ஜோகிகள், ஜங்கமர்கள், பைராகிகள் என்று வடக்கேயிருந்தும் தெற்கேயிருந்தும் வருகிற எல்லா வகைப் பரதேசிகளுக்கும் சோறு. பொங்கிய சோற்றை உண்ணாதவர்களுக்கு அரிசியும் பலசரக்கும் உலுப்பையாக அளந்து கொடுப்பார்கள், அவர்களே சமைத்துக்கொள்ளலாம். இந்த வழங்கல் நள்ளிரவு வரை நடக்கும். நள்ளிரவில் ஒரு மணி அடிக்கும். இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வந்து சாப்பிடுங்கள் என்று கூவி அழைப்பார்கள். அவர்களுக்காகவும் சோறு தயாராக இருக்கும்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். வந்தவனுக்குப் போடுவது தர்மம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். வராதவனைத் தேடி இருட்டுக்குள் மணி அடிப்பது வேறு. வெட்கத்தால் ஒதுங்கி நின்றவன், வழி தவறிப் பின்தங்கியவன், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வரலாம் என்று மரத்தடியில் உட்கார்ந்தவள், இப்படிப்பட்டவர்களை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அதை ஆளின் நல்ல குணத்துக்கு விடாமல் தினசரி வழக்கமாக்கியிருக்கிறார். சமையற்காரருக்குத் தூக்கம் வந்தாலும், கணக்கருக்குக் கோபம் வந்தாலும் மணி அடித்தாக வேண்டும்.

கடிதம் சோற்றோடு நிற்கவில்லை. நோய் கண்டு மேற்கொண்டு நடக்க முடியாதவர்களுக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் கொடுத்து, குணமாகிற வரை மரியாதையோடு பார்த்துக்கொள்வார்கள். கைக்குழந்தைகளுக்குப் பால். கர்ப்பிணிகள் வந்து அங்கேயே பிரசவமானால் செலவும் மருந்தும் சத்திரத்தினுடையது, பிள்ளை பெற்ற பிறகு மூன்று மாதம் வரை தங்கியிருக்கலாம். வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வைத்து வளர்த்துப் படிக்கவைப்பார்கள். இறந்தவர்களுக்கு அவரவர் முறைப்படி இறுதிக் காரியம். நான்கு வேதத்துக்கும் ஆசிரியர்கள், பள்ளி வாத்தியார், நோய்க்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் வைத்தியர்கள்.

விஷக்கடி என்ற சொல் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பாதை எப்படி இருந்தது என்பதை அது சொல்லிவிடுகிறது. மாட்டுவண்டித் தடம், இருபுறமும் புதர், இரவில் பந்த வெளிச்சம். பாம்பு கடித்தால் அடுத்த ஊருக்குத் தூக்கிப்போக நேரம் இருக்காது. சரபோஜிக்கு மருத்துவத்தில் இருந்த ஈடுபாடு தெரிந்ததுதான். அவருடைய தன்வந்திரி மகாலில் தொகுத்த மருத்துவ முறைகள் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் சரஸ்வதி மகால் வெளியீடுகளாக இன்றும் கிடைக்கின்றன. கடிதம் எழுதிய மறு ஆண்டே ஒரத்தநாட்டில் புதிய சத்திரத்தையும் எழுப்பினார். இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்று உட்காரவில்லை.

மராட்டிய அரண்மனையின் அன்றாடக் கணக்குகளை மோடி என்ற மராட்டிய எழுத்துமுறையில் எழுதிவைத்த ஆவணங்கள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. புரட்டிப் பார்த்தால் அரிசி, பருப்பு, நெய், துணி, மருந்து என்று போய்க்கொண்டேயிருக்கும். அலுப்பூட்டும் கணக்குகள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. ஒரு தர்மம் பல பத்தாண்டுகள் தொய்வில்லாமல் நடக்க மன்னரின் இரக்கம் மட்டும் போதாது, சாயங்காலம் உட்கார்ந்து படிக்கணக்கு எழுதுகிற ஒருவர் வேண்டும்.

கணக்கு என்றதும் அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சோறு வானத்திலிருந்து விழவில்லை. சத்திரத்துக்கு எழுதிவைத்த கிராமங்களில் சேற்றில் இறங்கியவர்கள் விளைவித்த நெல் அது. பிராமணர் முதல் பறையர் வரை எல்லாருக்கும் சோறு என்று கடிதம் சொல்வது உண்மை. எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று அது சொல்லவில்லை. அந்தக் காலத்துச் சமூகத்தில் அப்படி நடந்திருக்கவும் வழியில்லை. வேதம் படித்தவர்களுக்கு ஆசிரியர் நியமித்த அதே இடத்தில் நிலத்தை உழுதவனின் பிள்ளைக்கு எழுத்து கிடைத்ததா என்ற கேள்வி இந்தக் கட்டடத்துக்குள் நிற்கும்போது வராமல் போகாது. நான் இந்தச் சத்திரத்தை நேசிக்கிறேன். அதனாலேயே இந்தக் கேள்வியைத் தாண்டிப்போக மனம் வரவில்லை. வரலாறும் அதைத் தாண்டிப்போகவில்லை, நூறு வருஷம் கழித்து அதற்குப் பதில் தேடிக்கொண்டது.

முதலில் பாதை கைவிட்டது. 1855இல் சரபோஜியின் மகன் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் மிச்சமிருந்த அரசும் கம்பெனி கைக்குப் போயிற்று. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது, அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளியைத் தொட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் ராமேசுவரத்துக்கு ரயிலிலேயே போய் இறங்கலாம் என்றாயிற்று. பத்து நாள் நடை ஓர் இரவுப் பயணமாகச் சுருங்கிவிட்ட பிறகு ஒரத்தநாட்டில் யார் இறங்குவார்கள்? இன்றைக்கும் ஒரத்தநாட்டுக்கு ரயில் கிடையாது. பைராகிகளும் கோசாயிகளும் வருவது குறைந்து, பிறகு நின்றுபோனது.

கட்டடம் இருந்தது, கிராம வருமானமும் இருந்தது. உண்பதற்கு வழிப்போக்கர் இல்லை. வேறு ஊர்களில் இந்தக் கட்டத்தில் சத்திரங்கள் திருமண மண்டபமாகவோ தனியார் கிடங்காகவோ போய்விட்டன. தஞ்சைச் சத்திரங்கள் ஜில்லா போர்டின் பொறுப்புக்கு வந்து, பள்ளிக்கூடமாகவும் மாணவர் விடுதியாகவும் மாறின. ஒரத்தநாட்டிலும், அதிராம்பட்டினத்துக்கு அருகில் இருக்கும் இராஜாமடத்திலும் இப்படி விடுதிகள் நடந்தன. படிக்கிற பிள்ளைக்கு இலவசமாகத் தங்க இடம், இலவசமாகச் சாப்பாடு. ஆனால் அது பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருந்தது. சரபோஜி தம் கடிதத்தில் போட்ட எல்லை எவ்வளவோ அகலம், வழியில் எங்கோ அது இப்படி ஒடுங்கிவிட்டது.

அதை மாற்றியவர் ஏ.டி. பன்னீர்செல்வம். நீதிக்கட்சிக்காரர், வழக்கறிஞர், தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவர். சத்திரத்துச் சொத்து எல்லா வழிப்போக்கருக்கும் எழுதிவைத்த சொத்து, அதில் ஒரு சாதிப் பிள்ளைகள் மட்டும் சாப்பிடுவது எப்படித் தர்மமாகும் என்பது அவர் தரப்பின் நியாயம். ஒரத்தநாடு, இராஜாமடம் விடுதிகளைப் பிராமணரல்லாத மாணவர்களுக்கும் திறந்துவிட்டார். சம்ஸ்கிருதம் மட்டும் நடந்துகொண்டிருந்த திருவையாற்று அரசர் கல்லூரியில் தமிழ் நுழைந்ததற்கும் அவரும் கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனாரும் காரணம். 1940 மார்ச்சில் லண்டனுக்குப் போகும் வழியில் ஓமான் வளைகுடாவுக்கு மேலே அவர் சென்ற ஹானிபால் விமானம் காணாமல் போயிற்று, அவர் திரும்பவே இல்லை. தஞ்சை மாவட்டத்தில் அவர் பெயரில் தெருக்களும் கட்டடங்களும் இருக்கின்றன. எனக்கு அவரை நினைக்கத் தோன்றுவது ஒரத்தநாட்டில்தான்.

சோற்றுப் பந்தி எவ்வளவு கொதிப்பான விஷயமாக அன்று இருந்தது என்பதற்கு ஒரு செய்தி போதும். 1937 டிசம்பரில், அதே யமுனாம்பாள் சத்திரம் இருக்கும் நீடாமங்கலத்தில், காங்கிரஸ் மாநாட்டுப் பந்தியில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்காகத் தாழ்த்தப்பட்ட தொழிலாளர்களை அடித்து மொட்டையடித்தார்கள். ஒரே மாவட்டம், ஒரே தலைமுறை. விடுதிக் கதவு ஒன்று திறந்தது சின்னக் காரியம் இல்லை என்பதை நீடாமங்கலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

சத்திரத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ரேஷன் பை. நான் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு? படம் எடுக்க வந்தீங்களா?"

"எழுதறதுக்காகப் பாக்க வந்தேங்கய்யா."

"எழுதுங்க, எழுதுங்க. நானெல்லாம் அதுல சாப்பிட்டுப் படிச்சவன்தான்."

வடக்கே ஒரு சின்னக் கிராமம் அவருக்கு. அப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது, கூலி வேலை. ஐந்தாம் வகுப்போடு மாடு மேய்க்க அனுப்பியிருப்பார்கள். வாத்தியார் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுதியில் சேர்த்துவிட்டார்.

"எங்க வீட்ல ஒருவேளைதான் உலை வைப்பாங்க. இங்க மணி அடிக்கும், தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடுவோம். அண்டாவுலேர்ந்து கரண்டியால அள்ளிப் போடுவாரு சமையக்காரரு. போதுமாடான்னு கேப்பாரு பாருங்க, அந்தக் கேள்வியை எங்க வீட்ல யாரும் கேட்டதில்ல. கேக்க முடியாது, பாவம்."

படித்து அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார். பிள்ளைகள் வெளியூரில். ராஜா கட்டியது என்று தெரியும், அந்த அம்மா பெயர் தெரியும், கடிதத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டதில்லை. நான் நள்ளிரவு மணியைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஆரம்பத்துலேர்ந்தே மணி உண்டா!" என்றார். தேநீருக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை.

தஞ்சாவூரில் மாவட்ட ஆட்சியரின் கீழ்ச் சத்திரம் நிர்வாகம் என்று ஒரு பிரிவு இன்றும் இருக்கிறது. அரசர்கள் போய், கம்பெனி போய், பேரரசு போய், ஜில்லா போர்டு போன பிறகும் அந்தக் கோப்புகள் நகர்ந்துகொண்டிருக்கின்றன. இது எனக்கு மகிழ்ச்சி தருகிற செய்தி. கட்டடங்களின் நிலைதான் வருத்தம். சுண்ணாம்புக் காரை போட்ட கட்டடத்துக்குச் சிமெண்ட் பூசுவது நோயாளிக்கு மருந்து மாற்றிக் கொடுப்பதற்குச் சமம், ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே செங்கல் உளுத்துவிடும். மாடி மரவேலையைப் பழுதுபார்க்க மரம் தெரிந்த தச்சர் வேண்டும், இழைத்த கைகள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கின்றன. சுவர் இடுக்கில் வேர்விட்ட அரசங்கன்றை இன்று பிடுங்குவதற்கு ஓர் ஆள் போதும். பத்து வருஷம் கழித்தால் சுவரையே இடிக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் தெற்கே போனேன். பட்டுக்கோட்டையைத் தாண்டியதும் தென்னைதான். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் புதுக் கன்றுகள் ஆளுயரத்துக்கு மேல் வந்துவிட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மல்லிப்பட்டினத்துக்கு அருகே மனோரா. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட சரபோஜி 1814-15இல் கட்டிய எட்டடுக்குக் கோபுரம். விடுமுறை நாளில் கூட்டம் அலைமோதுகிறது, பிள்ளைகள் அதைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு இங்கே எழுப்பிய அந்த நினைவுச் சின்னத்தைத் தேடி வருகிறவர்கள், அதே மன்னர் பசித்தவனுக்காகக் கட்டியதைத் தேடி ஒரத்தநாட்டில் இறங்குவதில்லை. இரண்டில் எது பெரிய காரியம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அங்கிருந்து இன்னும் தெற்கே சேதுபாவாசத்திரம். ஊரே சத்திரத்தின் பெயரில். மீன்பிடி படகுகள், வலை பின்னுகிறவர்கள், ஐஸ் ஏற்றி நிற்கிற வண்டிகள். சாலையோரத்துச் சின்ன உணவுக்கடையில் மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். பரிமாறிய அம்மாள் என்னிடம், "இன்னொரு கை சோறு வைக்கட்டுமாண்ணே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்தார். பக்கத்து மேசையில் வடநாட்டு இளைஞர்கள் நான்கு பேர். சைக்கிளில் காசியிலிருந்து புறப்பட்டு ராமேசுவரம் போகிறார்களாம், பின்னால் கட்டிய பித்தளைச் சொம்பில் கங்கை நீர். இரவு எங்கே தங்குவீர்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். பெட்ரோல் பங்க், கோயில் வாசல், எது கிடைக்கிறதோ அது என்றார்கள். தொண்டிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று அவர்கள் விசாரிக்க, அந்த அம்மாள் வழி சொல்லிக்கொண்டே அவர்கள் இலையிலும் சோற்றை வைத்தார்.